கைமூச்சும் பெட்டிமூச்சும்

பஞ்சபூதத் தலங்களைப் பங்கு பிரித்தபோது எங்கள் ஊருக்கு மண் வாய்த்தது. நீர் திருவானைக்காவுக்கும், நெருப்பு திருவண்ணாமலைக்கும், வெளி தில்லைக்கும் போக, காற்று காளத்திக்குப் போய்ச் சேர்ந்தது. காற்றே நுழையாத அந்தக் கருவறையில் ஒரு விளக்கின் சுடர் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும் என்பார்கள். ஆக, பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோபுரம் தெரியும் தெருவொன்றில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் காற்றைப் பற்றி எழுத என்ன உரிமை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கொஞ்சம் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் நாங்கள் இன்னொரு மனிதருக்காக மூச்சு விட்டிருக்கிறோம். அதற்கு வருமுன் கையைப் பற்றிச் சில வார்த்தைகள்.

எங்கள் ஊர் கையை நம்பி வாழ்ந்த ஊர். இங்கே 'விசைத்தறி' என்பது ஓர் இயந்திரத்தின் பெயரன்று, வசவு. கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கி 1985இல் நடுவணரசு சட்டம் இயற்றியது. 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே வாதம்: கை செய்வதை இயந்திரம் செய்ய இயலாது. கோர்வைச் சேலையைப் பார்த்தவர்களுக்கு இந்த வாதம் விளங்கும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நடுவே ஓடுவதற்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனியே இரு நாடாக்கள். நெய்பவர் ஒருவராக மூன்றையும் சமாளிக்க முடியாததால், ஒரு பக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ளுவதற்கு உதவிக்கு ஒருவர் உட்கார வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள்தாம் உட்கார்வார்கள். இதை எழுதும் நாங்கள் இருவரும், அக்காளும் தம்பியுமாக, பள்ளி விடுமுறைகளில் எங்கள் சித்தப்பாவின் தறியில் கோர்வை இழுத்தவர்கள். அவர் மிதியை அழுத்தும் ஓசைக்கும் எங்கள் கைக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் கரையில் அது தெரிந்துவிடும். தலையைத் திருப்பாமலேயே 'யார் அது, தூங்குறது?' என்பார்.

1997ஆம் ஆண்டு ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. பிள்ளையார்பாளையத்தில் சித்தப்பாவின் வீட்டில் தறிக்குழியை ஒட்டித் தரையில் பாய் விரித்து உறங்குவது அவர் வழக்கம். விடியுமுன் வயிற்றுவலி என்று எழுந்தார். இரவுச் சாப்பாட்டின்மேல் பழியைப் போட்டு ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார் சித்தி. ஆறு மணிக்கு இமைகள் தாழ்ந்தன. ஏழு மணிக்குச் சொல் குழறிற்று. எச்சிலை விழுங்க முடியவில்லை. உடம்பில் கடிவாய் எதுவும் தென்படவில்லை. தறிக்குழிக்குள் சுருண்டு கிடந்த கட்டுவிரியனைப் பக்கத்து வீட்டுக்காரர் கண்டபோதுதான் காரணம் புரிந்தது.

கட்டுவிரியன் இரவில் திரிவது. தரையில் உறங்குவோரைக் கடிப்பது. கடித்தது பலருக்குத் தெரிவதேயில்லை. அதன் நஞ்சு, தசைக்கு ஆணை அனுப்பும் நரம்பு முனைகளையே சிதைத்துவிடுகிறது. விஷமுறிவு மருந்து உடலில் திரியும் நஞ்சைக் கட்டுமே தவிர, ஏற்கெனவே சிதைந்த முனைகளைச் சீர்செய்யாது. அவை தாமாகத் தளிர்க்கச் சில நாட்களோ வாரங்களோ ஆகும். அதுவரை மார்பு அசையாது. இதயம் நன்றாக இருக்கிறது, மூளை நன்றாக இருக்கிறது, மூச்சு மட்டும் இல்லை. அந்த நாட்களைக் கடத்தும்வரை அவருக்காக யாராவது மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் ஆள் முழுமையாகத் திரும்பி வர வழியுண்டு. மருத்துவத்தில் இவ்வளவு நேரான கணக்கு அரிது.

(அந்த மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. அன்று எங்கள் மாவட்டத்தில் இருந்ததும் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததுமான வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போரின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று 1978 முதல் இயங்குகிறது. அவர்கள் பிடித்து நஞ்செடுத்துக் கொடுத்தால்தான் மருந்து. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட அன்று எங்கள் வீட்டில் கொஞ்சம் கேசரி கிளறினோம். சித்தப்பாவுக்கு இரண்டு கரண்டி.)

ஊரில் இருந்த ஒரு மருத்துவமனையில் மருந்து ஏற்றி, மூச்சுக்குழாய்க்குள் குழாயும் செலுத்திவிட்டார்கள். மூச்சு விடும் இயந்திரம் அன்று அங்கே இல்லை. சென்னைக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். எழுபத்தைந்து கிலோமீட்டர். கிடைத்தது ஒரு வேன். அதில் நீளமான பலகை ஒன்று, ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று, ஆம்பு பை ஒன்று. கூடவே ஓர் ஆண் செவிலியர்.

ஆம்பு பையைப் பார்க்காதவர்களுக்காக: இளநீர்க்காய் அளவில் ஒரு ரப்பர்ப் பை. அமுக்கினால் காற்று நோயாளியின் நுரையீரலுக்குள் போகும். விட்டால் தானாகவே விரிந்து அடுத்த மூச்சுக்கான காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தச் செவிலியருக்குக் குழாய் நழுவாமல் பிடிப்பதும், சளியை உறிஞ்சி எடுப்பதும், நாடி பார்ப்பதுமாக இரண்டு கைகளும் போதவில்லை. பொன்னேரிக்கரை தாண்டியதும் பையை எங்களிடம் நீட்டினார். 'நீங்க மூச்சு இழுக்கும்போது அமுக்குங்க, விடும்போது விடுங்க' என்பதுதான் பாடம். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று முறை வைத்துக்கொண்டோம். சுங்குவார்சத்திரத்தில் முன்கை வலித்தது. ஸ்ரீபெரும்புதூரில் விரல்கள் எங்களுடையவையாக இல்லை. பூந்தமல்லியில் வண்டிகள் அடைத்து நின்றபோது, கடியாரத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டோம். நடுவில் ஒருமுறை பை கல்லைப் போல் இறுகிற்று. அமுக்கியவரின் கைக்குத்தான் அது முதலில் தெரிந்தது. சொன்ன மாத்திரத்தில் செவிலியர் குழாயில் அடைத்திருந்த சளியை எடுக்க, பை பழையபடி இளகியது. அவர் திறமைசாலி. பெயர் கேட்டுவைக்கத் தோன்றவில்லை.

சித்தப்பா ஆறு நாள் இயந்திரத்தில் இருந்தார். ஏழாம் நாள் ஒரு விரல் அசைந்தது. மூன்று வாரத்தில் வீடு திரும்பினார்.

திரும்பி வந்தவர் சொன்னது எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. அவர் நினைவிழக்கவே இல்லை. இமை திறக்கவில்லை, விரல் அசையவில்லை, ஆனால் காது முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கட்டுவிரியன் தீண்டியவர்களில் இது நிகழ்வதுண்டு என்றும், இப்படிக் கிடப்பவரை மூளை செயலிழந்தவர் என்று தவறாக முடிவுகட்டிவிடும் அபாயம் உண்டென்றும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டோம். வேனில் நாங்கள் பேசியதையெல்லாம் ஒப்பித்தார். சித்திக்கு எப்படிச் சொல்வது என்று குசுகுசுத்ததையும், ஓட்டுநரோடு போட்ட சண்டையையும், சிலிண்டர் தீர்ந்துவிடுமோ என்று அஞ்சியதையும். பிறகு தம்பியைப் பார்த்து, 'பெரியவ கை வந்தா மூச்சு நீளமா, நிதானமா வரும். உன் கை வந்தா படபடன்னு வரும். கோர்வை இழுக்கறப்பவும் நீ அப்படித்தாண்டா' என்றார்.

எங்கள் கைகளைத் தம் நெஞ்சுக்குள் அவர் அடையாளம் கண்டிருக்கிறார். அந்த இரண்டரை மணி நேரத்தில், நிமிடத்துக்கு இருபது என்று வைத்துக்கொண்டால், மூவாயிரம் முறை அமுக்கியிருப்போம் என்று கணக்குச் சொன்னோம். 'மூவாயிரம் ஊடையா? மூணு முழங்கூட வராது' என்றார். நெசவாளரிடம் உழைப்பைச் சொல்லி மெச்சிக்கொள்ள முடியாது.

இந்தச் செய்தியைப் பல ஆண்டுகள் பெருமையாகவே சொல்லித் திரிந்தோம். ஒவ்வொரு மூச்சிலும் நெய்தவர் கை தெரிகிறதே, கைத்தறி என்றால் இதுவன்றோ என்று. பிற்காலத்தில் படித்தவை அந்தப் பெருமையை வேறு பக்கமாகத் திருப்பின.

கையால் மூச்சு விடுவித்த வரலாற்றில் மிகப் பெரிய அத்தியாயம் டென்மார்க்கில் நடந்தது. 1952இல் கோபன்ஹேகன் நகரைப் போலியோ தாக்கியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் நாள்தோறும் வந்து குவிந்தார்கள். நகரின் பிளெக்தாம் மருத்துவமனையில் இருந்த இரும்பு நுரையீரல்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகிப் பையால் காற்றை உள்ளே தள்ளலாம் என்று ஒரு சிறுமியிடம் செய்து காட்டினார். பைகளை அமுக்க ஆள் வேண்டுமே! மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு அமுக்கினார்கள். ஏறத்தாழ 1,500 பேர், மொத்தம் 1,65,000 மணி நேரம் என்று சொல்லப்படுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இன்று உலகெங்கும் இருப்பதன் விதை அந்த மாணவர்களின் கைகளில் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து, 1956இல், அதே டென்மார்க்கில் ஹென்னிங் ரூபன், ஹோல்கர் ஹெஸ்ஸ என்ற இருவர் தானாக விரியும் பையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அதுதான் ஆம்பு. எங்கள் வேனில் இருந்தது அதன் வாரிசு.

அந்தக் கைகளை வணங்கிவிட்டு, அடுத்த செய்திக்கு வருவோம். 2004இல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், இதயம் நின்றுபோனவர்களுக்கு ஆம்புலன்ஸ் ஊழியர்கள் மூச்சு கொடுத்ததைக் கருவி வைத்து அளந்தார்கள். பதின்மூன்று நோயாளிகள். சராசரியாக நிமிடத்துக்கு 30 மூச்சு கொடுத்திருந்தார்கள். குழாய் செருகிய நோயாளிக்கு இதய இயக்க மீட்பின்போது ஆறு விநாடிக்கு ஒன்று, அதாவது நிமிடத்துக்குப் பத்து என்பது இன்றைய வழிகாட்டல். அவர்கள் எங்களைப் போன்ற கத்துக்குட்டிகள் அல்லர், முறையாகப் பயின்றவர்கள். பதற்றத்தில் கை தானாக விரைகிறது, அவ்வளவுதான். விரைந்தால் என்ன, காற்றுதானே என்று நினைக்கலாம். மூச்சுக்கு மூச்சு இடைவெளி இல்லாவிட்டால் மார்புக்குள் அழுத்தம் குறைவதேயில்லை. இதயத்துக்குத் திரும்ப வேண்டிய குருதி வெளியிலேயே நின்றுவிடுகிறது. தலையில் அடிபட்டவருக்கு இன்னும் மோசம். மிகையான மூச்சு கரியமில வாயுவை வெளியேற்றிவிட, மூளையின் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. அக்கறையால் விரையும் கையே, காப்பாற்ற வந்த மூளையைப் பட்டினி போடுகிறது.

சித்தப்பா அடையாளம் கண்ட கைரேகை இதுதான். சேலையில் அது அழகு. நுரையீரலில் அதற்கு வேலையில்லை.

ஆம்புலன்ஸில் வைத்து எடுத்துச் செல்லும் மூச்சுக் கருவிகள் பிறந்தது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். ஜெர்மனியின் டிரேகர் நிறுவனம் 1976இல் ஆக்ஸிலாக் என்ற பெட்டியை வெளியிட்டது. மின்சாரம் வேண்டாம், சிலிண்டரில் அடைபட்டிருக்கும் ஆக்சிஜனின் அழுத்தமே அதை ஓட்டும். இன்று வருபவை பலவும் உள்ளே சிறு விசிறி வைத்து வெளிக்காற்றைத் தாமே இழுத்து, வேண்டிய அளவு ஆக்சிஜனைக் கலந்து கொடுப்பவை, மின்கலத்தில் ஓடுபவை. ஒரு மூச்சுக்கு எவ்வளவு, நிமிடத்துக்கு எத்தனை, எவ்வளவு அழுத்தத்துக்கு மேல் போகக்கூடாது, மூச்சை விட்ட பிறகும் நுரையீரல் முழுதாகச் சுருங்கிவிடாமல் எவ்வளவு அழுத்தம் மிச்சமிருக்க வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே திருகி வைத்துவிடலாம். முதல் மூச்சும் மூவாயிரமாவது மூச்சும் ஒன்றுபோல இருக்கும். கைத்தறி ஊரில் பிறந்தவர்கள் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது: இந்த ஒரு நெசவில் விசைத்தறியே மேல்.

ஆனால் பெட்டிக்கு ஒன்று தெரியாது. பை கல்லாக இறுகியபோது எங்கள் கைக்குத் தெரிந்தது போல அதற்குத் 'தெரியாது'. அது எண்ணைக் காட்டிக் கூவும், அவ்வளவே. அழுத்தம் ஏறிவிட்டதென்று கூவினால் குழாய் மடங்கியிருக்கலாம், சளி அடைத்திருக்கலாம், குழாய் ஆழமாகப் போய் ஒரு பக்க நுரையீரலுக்கு மட்டும் காற்று போகலாம், நுரையீரல் கிழிந்து காற்று வெளியே கசிந்திருக்கலாம். அழுத்தம் இறங்கிவிட்டதென்று கூவினால் எங்கோ இணைப்பு கழன்றிருக்கிறது. எது என்று கண்டுபிடிப்பது அருகில் இருப்பவரின் வேலை. மூச்சின் அளவைக்கூட ஆளின் பருமனைப் பார்த்து வைக்கக்கூடாது; உயரத்தைப் பார்த்து வைக்க வேண்டும். ஒருவர் எவ்வளவு தடித்தாலும் அவருடைய நுரையீரல் வளர்வதில்லை அல்லவா?

இன்னொரு கணக்கும் உண்டு. அது பாவின் நீளத்தைப் போன்றது. எவ்வளவு பாவு சுற்றியிருக்கிறதோ அவ்வளவுதான் நெய்யலாம். நம் நாட்டில் புழங்கும் 'பி' வகைச் சிலிண்டரில் ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் செலவானால் இரண்டரை மணி நேரம். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு அது போதும். பூந்தமல்லியில் வண்டிகள் நிற்காத வரை. 'டி' வகைப் பெரிய சிலிண்டரில் ஏறத்தாழ 7,000 லிட்டர். ஆக்சிஜனின் அழுத்தத்தாலேயே ஓடும் பெட்டிகள், நோயாளிக்குப் போவதற்கு மேலாகத் தம் இயக்கத்துக்கும் கொஞ்சம் குடிக்கும். மின்கலப் பெட்டிக்குச் சிலிண்டரோடு மின்கலத்தையும் எண்ண வேண்டும். புறப்படுமுன் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்காமல் சைரனைப் போட்டுப் பயனில்லை.

அறிஞர் அண்ணா பிறந்த ஊர் எங்கள் ஊர் என்பதைச் சொல்லாமல் காஞ்சிபுரத்தார் எவரும் ஒரு கட்டுரையை முடிப்பதில்லை. அவர் பிறந்தது 1909 செப்டம்பர் 15. அவருடைய நூற்றாண்டு தொடங்கிய நாளில், 2008 செப்டம்பர் 15 அன்று, தமிழகத்தில் 108 சேவை தொடங்கியது. ஐதராபாத்தில் 2005இல் பிறந்த அவசரகால நிறுவனத்தோடு சேர்ந்து அரசு நடத்தும் சேவை. அதில் வண்டி ஓட்டுபவரைப் 'பைலட்' என்று அழைப்பதைக் கேட்டு முதலில் சிரித்தோம். 1997இல் எங்களை ஓட்டிச் சென்றவரோடு ஒப்பிட்டபின் சிரிப்பு அடங்கியது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்க வழிசெய்தது. இவை பெரிய மாற்றங்கள். எனினும் 108 வண்டிகளில் மூச்சுப் பெட்டி கொண்டவை, மேம்பட்ட உயிர்காப்பு வண்டிகள் எனப்படுபவை, ஒரு பகுதியே. மற்றவற்றில் இன்றும் ஆம்பு பைதான்; கைமூச்சுதான். எல்லா வண்டியிலும் பெட்டி வேண்டும் என்று கேட்பது எளிது. பெட்டி கூவும்போது பதறாமல் காரணம் தேடத் தெரிந்தவரும் எல்லா வண்டியிலும் வேண்டும் என்று சேர்த்துக் கேட்பதே முறை என்பது எங்கள் கருத்து. பெட்டியை வாங்கிவிடலாம், ஆளைப் பயிற்றுவிக்க ஆண்டுகள் ஆகும்.

பெட்டியின் பக்கத்தில் உட்காரும் வாய்ப்பு எங்களுக்கு 2023இல் வந்தது. பெரியம்மாவுக்கு மூளையில் குருதிக் கசிவு. ஊரிலேயே குழாய் செருகி, சென்னைக்கு மாற்றினார்கள். அதே சாலை, எண் மட்டும் 4 என்பது 48 என்று மாறியிருந்தது. வண்டிக்குள் சுவரில் மாட்டிய பெட்டி, டிபன் கேரியரைப் படுக்க வைத்தாற்போன்ற அளவு. மெல்லிய சீறல், ஒரு நிறுத்தம், மறுபடி சீறல். மருத்துவ உதவியாளராக இருந்த இளைஞருக்கு இரண்டு கைகளும் விடுதலை. கண்மணிகளை விளக்கடித்துப் பார்த்தார், ரத்த அழுத்தம் குறித்தார், சளி எடுத்தார், தொலைபேசியில் மருத்துவரோடு பேசினார். பெட்டி இரண்டு முறை கூவியது. ஒருமுறை குழாயின் மடிப்பு. மற்றொருமுறை பெரியம்மாவின் இருமல். 1997இல் அந்தச் செவிலியருக்கு இப்படி ஒரு பெட்டி இருந்திருந்தால் அவர் இன்னும் என்னென்ன செய்திருப்பார் என்று எண்ணிக்கொண்டோம்.

எங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்தப் பழைய வலியைவிடக் கடினமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? அமுக்கிக்கொண்டிருந்தபோது அஞ்சுவதற்கு நேரமில்லை. இப்போது சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி என்று ஒவ்வோர் ஊரும் முழுசாகக் கடந்து போயிற்று. பெரியம்மாவுக்கு எங்கள் கை தேவைப்படவில்லை, தேவைப்பட்டது எங்களுக்குத்தான். பதினோராம் நாள் அவர் மறைந்தார். கசிவு அவ்வளவு பெரிது. வழியில் குறை ஏதும் நேரவில்லை என்றார்கள் மருத்துவர்கள். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டோம்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னோம். தறியை விட்டுவிட்டார், கண் முன்போல் இல்லை. பெட்டியின் விலையையோ பெயரையோ அவர் கேட்கவில்லை. 'சத்தம் ஒரே மாதிரி வருமா?' என்று கேட்டார். வரும் என்றோம். 'நல்லது' என்று தலையசைத்துவிட்டு, 'அந்தப் பையை வண்டியில வெச்சிருக்காங்களா, இல்ல எடுத்துட்டாங்களா?' என்றார்.

எடுக்கவில்லை. பெட்டிக்குக் கீழே, கை நீட்டினால் எட்டும் தொலைவில், வழி முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. மருத்துவமனை வாசலில் படுக்கையை இறக்கும்போது அந்த இளைஞர் குழாயைப் பெட்டியிலிருந்து கழற்றிப் பையில் பொருத்தினார். சரிவுப் பாதையில் படுக்கையோடு கூடவே நடந்து, உதட்டுக்குள் ஒன்றிலிருந்து ஆறு வரை எண்ணி ஒருமுறை அமுக்குவதும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதுமாக, தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுவரை போனார்.